சாமி மாட்டுக்குக் காதுகுத்து

புதுக்கோட்டைக்கு நான் போனது ஒரு காதுகுத்துக்கு. என் சித்தி மகள் சாந்தியின் குழந்தைக்குத் தாய்மாமன் சீராக ஒரு ஜோடித் தோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாய்மாமன் என் தம்பி. எங்களுக்கு மலேசியா. அவன் ஈப்போவில் லாரி ஓட்டுகிறான், லீவு கிடைக்கவில்லை. "நீ போக்கா, உனக்கென்ன வேலை" என்று தோட்டை என் கையில் திணித்துவிட்டான். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பல வருஷம் கரண்டி பிடித்து ஓய்ந்தவள் நான். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்திய வாய் இது. சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது. அதனால் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

சாந்தி வீடு திருக்கோகர்ணத்தில். நான் போய் இறங்கியது கார்த்திகை மழையில். ஆட்டோக்காரர் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "மலேசியாவுல மழை உண்டாங்க?" என்று கேட்டார். தினமும் உண்டு என்றேன். "அப்ப இது ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் பரோட்டாக் கடையில் முட்டை மாஸ் வாங்கிக் கொடுத்தாள் சாந்தி. அவித்த முட்டையைத் துண்டு போட்டு, வெங்காயமும் சால்னாவும் சேர்த்துக் கல்லில் புரட்டித் தருகிறார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயை விட்டுக்கொடுத்து நான் எங்கேயும் பேசியதில்லை. அன்றைக்குக் கொஞ்சம் யோசித்தேன். சாப்பிடும்போதே, "நாளைக்கு சித்தன்னவாசல் கூட்டிட்டுப் போறியா? ஓவியம் பாக்கணும்" என்று கேட்டேன். "போலாங்க்கா, ஒரு மாட்டை மட்டும் பாத்துட்டுப் போயிரலாம்" என்றாள். அந்த ஒரு மாட்டைப் பார்த்து முடிக்க என் பயணம் முழுவதும் ஆகிவிட்டது.

சாந்தி அரசாங்கத்துக் கால்நடை டாக்டர். ஆவூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மருந்தகம். ஊர்ப் பெயரை எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், எழுதவில்லை.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் கிளம்பினோம். என் மடியில் ஒரு ஐஸ் பெட்டி. உள்ளே கோமாரி நோய்க்கான தடுப்பூசி மருந்து. ஐஸ் நேராகப் படாமல் குப்பியைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். உறைந்தாலும் கெட்டுவிடுமாம், சூடானாலும் கெட்டுவிடுமாம். "மருமகளை வச்சுப் பாக்குற மாதிரி பாக்கணும் போலிருக்கே" என்றேன். "மருமக கெட்டுப்போனா சத்தம் கேக்கும்க்கா. இது கெட்டா வெளிய தெரியாது. வெறுந்தண்ணியப் போட்டுட்டு, ஊசி போட்டாச்சுன்னு எழுதிட்டு வந்துரலாம். எந்த மாடு வந்து கேக்கப்போகுது?" என்றாள்.

ஆவூர் தேவாலயம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மெக்கானிக் வர நேரமாகும் என்றார்கள். சாந்தி வண்டியைப் பார்க்கவில்லை, ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். அந்த வழியாக பைக்கில் ஒரு மீன்காரர் வந்தார். நான் நடுரோட்டில் கையை நீட்டி நிறுத்தினேன். "ஐஸ் குடுங்கண்ணே, மாட்டு மருந்து கெட்டுப்போகுது." அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீனை ஒதுக்கிவிட்டு இரண்டு கையாலும் ஐஸை அள்ளிப் பையில் போட்டார். "எங்க வீட்லயும் ரெண்டு மாடு நிக்கிது" என்று மட்டும் சொன்னார். வண்டியை மெக்கானிக்குக்கு விட்டுவிட்டு பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்போது என் சேலை முழுக்கச் சாளை மீன் வாடை.

நாங்கள் நேராகப் போன வீடு செல்வியுடையது. செல்வியின் கணவர் ஷார்ஜாவில். இவள் இங்கே இரண்டு கறவை மாடுகளை வைத்து மாமியார், பிள்ளைகள் எல்லாரையும் பார்த்துக்கொள்கிறாள். அதில் ஒரு பசு நிறைமாசம், நடக்கவே சிரமப்பட்டு நின்றது. பக்கத்து ஊரில் கோமாரி வந்துவிட்டது. அந்த நோய் வந்தால் வாயெல்லாம் புண், குளம்பெல்லாம் புண், பால் நின்றுவிடும், பாலைக் குடித்த கன்று செத்தும் போகும். என் அப்பா ஈப்போவில் மாடு வைத்திருந்தவர் என்பதால் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

"போடு, இதுக்குத்தானே மீன்காரன் கால்ல விழுந்தோம்" என்றேன்.

"நிறைமாசத்துக்குப் போடுறதில்லக்கா. மாடு மெரண்டு விழுந்தா கன்னு போயிரும். ஈன்ட பெறகுதான் போடணும். அதுவரைக்கும் சுத்தி நிக்கிற மாட்டுக்குப் போடுறதுதான் இதுக்குப் போடுற ஊசி" என்றாள். அந்த ஊரில் மற்ற எல்லா மாட்டுக்கும் போட்டு முடித்திருந்தாள். ஒன்றே ஒன்று மிச்சம்.

அந்த ஒன்று அப்போதே வாசலில் வந்து நின்றது. கோயில் காளை. கருப்பு உடம்பு, வெள்ளை நெற்றி. யாருடைய மாடும் இல்லை, அய்யனாருக்கு விட்டது. அது எந்த வீட்டுத் தொட்டியில் வாய் வைத்தாலும் விரட்டக்கூடாது என்பது ஊர் வழக்கம். தினமும் செல்வி வீட்டுக் கழனித் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போகுமாம். அது பாட்டுக்கு வந்து, பசுவின் தொட்டியில் மூக்குவரை முக்கிக் குடித்தது. செல்வி அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே சாந்தியைப் பார்த்தாள். "பக்கத்து ஊருக்கும் போயிட்டு வருதுங்க டாக்டரம்மா. நேத்துக்கூட அங்கிட்டுத்தான் நின்னுச்சாம். தொட்டியக் கவுத்து வைக்கவும் மனசு வரல, வச்சிருக்கவும் பயமா இருக்கு." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கோயில் காளை மேல் யாரும் தனியாகக் கயிறு போட முடியாது. போட வேண்டுமானால் ஊரே கூட வேண்டும், வீட்டுக்கு ஒரு கை கயிற்றில் இருக்க வேண்டும். ஒரு வீடு குறைந்தாலும் கயிறு போடக்கூடாது. குறைந்த அந்த ஒரு கை பூசாரி கருப்பையாவுடையது.

அன்று மத்தியானம் அய்யனார் கோயில் மரத்தடியில் ஊர் கூடியது. கருப்பையாவுக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான ஆள், சத்தமில்லாத குரல். "ஊசி வேணாம்" என்றார். சாந்தி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். செல்வி சொல்லிப் பார்த்தாள். அவர் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"என்னங்க ஊர் இது! ஒரு மாட்டைப் பிடிச்சுக் கட்ட மாட்டீங்களா? எங்க ஊர்ல நோய்னு சந்தேகம் வந்தாலே ரோட்டை மறிச்சிருவாங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாது!"

சாந்தி என் தொடையில் கிள்ளினாள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போயே போய்விட்டார். கருப்பையா முதல்முறையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒங்க ஊர்ல மாடு செத்தா, எதனால செத்துச்சுன்னு வந்து சொல்லுவாங்களா தாயி?"

"சொல்லுவாங்க. ஆபீசர் வந்து பாத்துட்டுச் சொல்லுவார்."

"இங்க வரலையே" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இந்தக் காளைக்கு முன்னால் இன்னொரு காளை இருந்திருக்கிறது. கன்றிலிருந்து கருப்பையா பார்த்து வளர்த்தது. சாந்தி இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால், ஒரு பொங்கலுக்குச் சற்று முந்தி, ஊசி போட வந்தவர்கள் யாரையும் கேட்காமல் தொட்டியில் குனிந்திருந்த அதற்கும் குத்திவிட்டுப் போய்விட்டார்கள். மாட்டுப் பொங்கல் கழிந்து அது செத்துப்போனது. மேளம் வைத்து, மாலை போட்டு, ஊரே தூக்கிப் போய்ப் புதைத்தது. கருப்பையா மொட்டை அடித்துக்கொண்டார். பிறகு மருந்தகத்துக்கு நடையாய் நடந்து கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர் இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லி, மாற்றலாகியும் போய்விட்டார்.

"ஊசி குத்துனதுக்குக்கூட நான் கோவப்படலங்க. குத்துனவங்க ஒரு எட்டு திரும்பி வந்து பாத்திருக்கலாம்ல" என்றார் கருப்பையா.

சாந்தி எழுந்தாள். "வராதது தப்புங்க ஐயா. அப்ப நான் இல்ல, ஆனா அந்த வேலையிலதான் நான் இருக்கேன். அதனால அது என் தப்புதான். இதுக்கு ஊசி போட்டா ரெண்டு மூணு நாளைக்குக் காய்ச்சல் வரலாம், எரை எடுக்காம நிக்கலாம். அதையும் இப்பவே சொல்லிர்றேன். அது தெளியிற வரைக்கும் தெனமும் வாரேன். நீங்க கூப்பிட வேண்டாம்."

கருப்பையா எழுந்து கோயிலுக்குள் போய்விட்டார். கூட்டம் கலைந்தது. திரும்பும் வழியில், பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை. இது என் வரலாற்றில் அபூர்வம். ஆவூர் தாண்டியதும் சாந்தியே சிரித்துவிட்டாள். "விடுங்கக்கா. நீங்க கத்துனதாலதான் அவர் வாயத் தொறந்தார்."

மறுநாள் விடிந்ததும் செல்வியிடமிருந்து போன். "வாங்க டாக்டரம்மா. பூசாரி கயிறு எடுத்துட்டு வந்துட்டாரு."

அன்றைக்குப் பார்த்ததை நான் எந்தக் கோபுரத்துக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டேன். தேர் வடம் மாதிரி ஒரு நீளக் கயிறு. வேப்பமரத்தைச் சுற்றி அது போக, பின்னால் வரிசையாக ஊர். வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தவர்கள், ஸ்கூல் வேலைக்குக் கிளம்பிய டீச்சர், நேற்று துண்டை உதறிப் போனவர், எல்லாரும் நின்றார்கள். செல்வி போய்க் கயிற்றைப் பிடித்தபோது, "ஆம்பளக் கை வேணுமே" என்று யாரோ முனகினார்கள். "ஷார்ஜாலருந்து கை நீளுமா? இந்த வீட்டுல இப்ப இந்தக் கைதான் இருக்கு" என்றாள். பெண்கள் சிரித்தார்கள், முனகியவரும் சிரித்துவிட்டார்.

செல்வியே கூப்பிட்டதும் காளை வந்தது. கழுத்தில் கயிறு விழுந்தபோது ஒரு உலுக்கு உலுக்கியது பாருங்கள், வரிசையே ஆடிப்போனது. பிறகு நின்றது. சாந்தி கழுத்தில் ஊசியைப் போட்டு எடுத்தது எனக்குத் தெரியக்கூட இல்லை.

அடுத்தது அடையாளத்துக்காகக் காதில் மஞ்சள் தோடு. ஒரு பெண் சத்தமாகக் கேட்டாள். "ஏங்க, காது குத்துறதுன்னா தாய்மாமன் மடி வேணுமே! சாமி மாட்டுக்குத் தாய்மாமன் யாரு?" ஊர் கொல்லென்று சிரித்தது. கருப்பையா சிரிக்கவில்லை. முன்னால் போய்க் காளையின் தலையைத் தன் தோளோடு அணைத்துக் கண்ணைக் கையால் மூடினார். "குத்துங்க" என்றார். சாந்தி அதைச் செல்போனில் பதியும்போது உரிமையாளர் பெயர் கேட்டது. அய்யனார் என்று போடச் சொன்னார்கள். போன் நம்பரும் கேட்டது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, கருப்பையா தன் நம்பரைச் சொன்னார்.

ஊசி உடம்பில் பிடிக்கும்வரை காளை கோயில் தோப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்று சாந்தி சொல்லியிருந்தாள். வேலி கட்டினார்கள். மறுநாள் காய்ச்சல் வந்துவிட்டது. காளை தலையைத் தொங்கப் போட்டு நின்றது, வைக்கோலைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. கருப்பையா தோப்பிலேயே கிடந்தார், சோறு இறங்கவில்லை என்றார்கள். சாந்தி வந்தாள், உடம்பைத் தொட்டுப் பார்த்தாள், மருந்து கொடுத்தாள், போகாமல் அவரோடு வேலி ஓரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. ஊர் சாந்தியின் முகத்தையே பார்த்தது. அவளும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது தெரியாதா?

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழந்தைக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடிக்குப் பதில் என் மடி. குழந்தை அழுத அழுகையில் திருக்கோகர்ணமே எழுந்திருக்கும். பந்தியில் சாம்பார் அருமை, பாயசத்தில் இனிப்பு குறைவு, எழுதாமல் விட மனசில்லை. இலை எடுத்ததும் சாந்தி பட்டுச்சேலையோடு ஸ்கூட்டரை எடுத்தாள். "இன்னைக்குமாடி?" என்றேன். "தெனமும்னு சொல்லிருக்கேன்ல" என்றாள். நானும் ஏறிக்கொண்டேன்.

தோப்பில் காளை வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. சாந்தி வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், கண் நிறைந்துவிட்டது. கருப்பையா எங்களுக்கு டீ வரவழைத்தார். குடித்து முடித்துக் கிளம்பும்போது, "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். பழைய மாடு எதனால செத்துச்சு?" என்றார்.

சாந்தி திரும்ப உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயிறு உப்பியதா? பல்லை நறநறவென்று கடித்ததா? புளித்த வாடையோடு கழிந்ததா? எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டதா? ஆமாம், ஆமாம் என்றார் ஒவ்வொன்றுக்கும்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கு என்ன சாப்பிட்டுச்சுங்க ஐயா?"

"பொங்கச் சோறுதான். சாமி மாடுல்ல, எல்லா வீட்லயும் வைப்பாங்க. வீட்டுக்கு ஒரு எலை."

எனக்குப் புரிந்துவிட்டது. என் அப்பா சோற்றுப் பானையை மாட்டுக் கண்ணில் படாமல் மூடி வைப்பார். அரிசிச் சோறு அளவு மீறினால் மாட்டின் வயிற்றில் புளித்து அதைக் கொன்றுவிடும். சொல்லாதே என்று சாந்தியின் சேலையை இழுத்தேன். அந்த மனுஷன் தாங்குவாரா?

அவள் என் கையை விலக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் கண்ணால பாக்கல. ஆனா நீங்க சொல்றத வச்சுப் பாத்தா, ஊசியால இல்லங்க ஐயா. சோத்தால."

கருப்பையா காளையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மொத எலை நான் வச்சது" என்றார். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். சாந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆசையாத்தானே ஐயா வச்சீங்க. ஊரே வச்சுச்சு. கேட்டு வந்தப்பவே ஒருத்தரு இதைச் சொல்லிருக்கணும். இவ்வளவு நாள் ஒங்களை அலைய விட்டதுதான் பாவம்."

திரும்பும்போது அவளைத் திட்டினேன். "மனசுல ஈரமே இல்லையா ஒனக்கு? தெரியலைன்னு சொல்லிருந்தா என்ன?"

"தெரியலைன்னு சொல்லிருந்தா, வர்ற பொங்கலுக்கு இதுக்கும் எலை வைப்பாங்கக்கா" என்றாள்.

கிளம்புகிற அன்று காலையில் ஒருவழியாகச் சித்தன்னவாசல் பார்த்தேன். குகையின் கூரையில் தாமரைக் குளம், நடுவில் யானை, மீன், மாடு. கூட வந்தவர்கள் தாமரையைப் பார்த்தார்கள். நான் மாட்டின் வாயில் புண் இருக்கிறதா என்று பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. திருச்சி விமான நிலையத்தில் இருக்கும்போது செல்வி போன் பண்ணினாள். பசு ஈன்றுவிட்டது, கிடாரிக் கன்று, எழுந்து நின்று பால் குடிக்கிறது என்றாள். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று நான் "அய்யோ ராசாத்தி" என்று கத்தியதை ஊரே திரும்பிப் பார்த்தது.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் ஈப்போவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சாந்தி வீடியோவில் கூப்பிட்டாள். "ஒருத்தர் ஒங்ககிட்ட பேசணுமாம்" என்று போனை நீட்டினாள். கருப்பையா. புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பின்னால் கொம்புக்கு வர்ணம் அடித்த காளை, காதில் மஞ்சள் தோடு. அதற்கு முன்னால் ஊர் வரிசையாக நின்றது. யார் கையிலும் இலை இல்லை.

"பாத்தீங்களா தாயி? வீட்டுக்கு ஒரு பிடி புல்லு. அம்புட்டுத்தான். மீறிச் சோறு கொண்டாந்தா நானே தின்னுர்றேன், வயிறு வெடிக்கிது."

"பழைய மாட்டை நெனச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். இந்த வாயை என்ன செய்வது?

"அதுக்கும் ஒரு பிடி வச்சுட்டுத்தான் வந்தேன், பொதச்ச எடத்துல" என்றார். போனை வைக்காமல் காளையின் வாய்ப் பக்கம் திருப்பிப் பிடித்தார். அது புல்லை மென்றுகொண்டிருந்தது. கரக், கரக் என்று அந்தச் சத்தம் ஈப்போவில் என் சமையலறை வரைக்கும் கேட்டது. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.